மீற்றர்ப் பொருத்தம்

மின்சாரம் கண்ணுக்குத் தெரியாத ஒரு பொருள். கண்ணுக்குத் தெரியாத பொருளைக் கண்காணிக்க உத்தியோகத்தர்கள் கூடுதலாகத் தேவைப்படுவார்கள் என்பது நிர்வாகம் நன்கு அறிந்த உண்மை. எண்பத்தொன்பதாம் ஆண்டின் கடைசியில், யாழ்ப்பாணத்தில் இருந்த எங்கள் மின்சாரசபைக் கந்தோரில் 'மின் உபகரண இனங்காணல் பிரிவு' என்று ஒன்று தோன்றியதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியாது.

பிரிவில் நாங்கள் இரண்டு பேர். ஒருவர் பொறியியலாளர் அடைக்கலநாதன். வெளிநாட்டுக்குப் பயிற்சிக்குப் போய், ஒரு புது யோசனையோடும் ஒரு புதுக் கோட்டோடும் திரும்பி வந்திருந்தார். மற்றவர் நமசிவாயமாகிய நான். கந்தோரில் எனக்கென்று குறிப்பான வேலை எதுவும் அப்போது இருக்கவில்லை. குறிப்பான வேலை இல்லாதவருக்கு விசேட வேலை கொடுப்பது நிர்வாக மரபு.

யோசனை இதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு மீற்றர். வீட்டுக்குள் லைற் எரிந்தாலும், ஃபான் சுற்றினாலும், தண்ணீர் மோட்டர் இரைந்தாலும், எல்லாம் சேர்ந்து அந்த மீற்றருக்குள் இருக்கும் ஒரே தட்டைத்தான் சுற்ற வேண்டும். ஆகவே தட்டு சுற்றும் விதத்தைக் கவனித்தால், உள்ளே என்னென்ன சாமான் ஓடுகிறது என்று வெளியே நின்றே சொல்லிவிடலாம். திடீரென்று வேகம் கூடி, அந்த வேகத்திலேயே நின்றால் சூடாக்கும் சாமான். ஒரு உதை உதைத்துவிட்டு அடங்கினால் மோட்டர். கொஞ்ச நேரம் கூடி, கொஞ்ச நேரம் குறைந்து, மறுபடியும் கூடினால் அது பிறிஜ், அறிக்கைத் தமிழில் குளிரூட்டி.

எந்தப் பகுதியில் எந்தச் சாமான் கூடுதல் என்று கொழும்புக்கு அறிவித்தால், அவர்கள் நீதியாக மின்சாரத்தை வெட்டுவார்கள். அதுவரை அநீதியாக வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

"சேர், வீட்டுக்கை போய்ப் பாத்தால் தெரியும்தானே?" என்று முதல் நாளே கேட்டுவிட்டேன்.

அடைக்கலநாதன் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "நமசிவாயம், கண்ணாலை பாக்கிறதுக்கு விஞ்ஞானம் எதுக்கு? நீர் உள்ளை பாத்தால் அறிக்கை கெட்டுப்போகும். மீற்றரை மட்டும் பாரும்."

அது கந்தோர் உத்தரவான சுற்றுநிருபத்திலும் ஏறியது: 'கடமையில் உள்ள உத்தியோகத்தர் வீட்டின் உட்புறத்தை நோக்கலாகாது.'

நான் முதன்முதலாக இனங்காணப் போனது அரியாலையில், ஆழ்வாப்பிள்ளை வீட்டுக்கு. அவர் உத்தியோகத்தில் இருந்து இளைப்பாறிய ஸ்ரேசன் மாஸ்டர். மனைவி காலமாகிவிட்டார். ஒரே மகள் அருந்ததி பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தாள். வீட்டு மீற்றர் விறாந்தைச் சுவரில் இருந்தது. சுற்றுநிருபப்படி சுவரைப் பார்த்து ஒரு கதிரையில் குந்தினேன். வெயில் ஏற ஏற முதுகு வலித்தது. பின்னால் ஏதோ உயரமாக, வழுவழுவென்று முட்டியது. அதில் சாய்ந்துகொண்டேன்.

"அண்ணை, உள்ளை வந்து இருந்து தேத்தண்ணி குடியுங்கோவன்" என்றாள் அருந்ததி.

"வரக்கூடாது தங்கச்சி. நான் உங்கடை வீட்டைப் பாக்கக்கூடாது."

"அப்ப என்னத்துக்கு வந்தனீங்கள்?"

"உங்கடை வீட்டிலை என்ன இருக்கெண்டு பாக்க."

அவள் தேத்தண்ணியை என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். படிப்பிக்கிறவர்களுக்குப் பொறுமை அதிகம்.

தட்டைக் கண் கொட்டாமல் பார்த்து அறிக்கை எழுதினேன்: மின்விளக்குகள் சில. மின்விசிறி ஒன்று. றேடியோ ஒன்று. குளிரூட்டி இல்லை. எழுதி முடித்து ஆழ்வாப்பிள்ளையிடம் ஒரு பிரதியை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டு வாசித்தார். முகம் சிவந்தது.

"பிறிஜ் இல்லையோ?"

"இனங்காணப்படவில்லை ஐயா."

"தம்பி, நீர் இவ்வளவு நேரமும் சாய்ஞ்சு இருந்ததே பிறிஜிலைதான்!"

திரும்பிப் பார்க்க எனக்கு ஆசைதான். ஆனால் பார்க்கலாகாது. "இருக்கலாம் ஐயா. ஆனால் அறிக்கைக்கு அது தெரியேல்லை" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன்.

பிறகு தெரிய வந்த சங்கதி: அது சவூதியில் இருந்து அவருடைய சகோதரியின் மகன் ஒருவன் கொண்டுவந்து கொடுத்தது. ஒருநாள் வோல்ற்றேஜ் கூடி எரிந்துவிட்டது. திருத்த ஆளில்லை. என்றாலும் பிறிஜ் பிறிஜ்தானே. மேலே பின்னல் துணி விரித்து, பிளாஸ்ரிக் பூச்சாடி வைத்து, வாசலால் வருகிறவர்கள் கண்ணில் படும்படி விறாந்தையிலேயே நிறுத்தியிருந்தார். உள்ளே பனையோலையில் பின்னிய பனங்கட்டிக் குட்டான்கள் இருந்தன. கதவு இறுக்கமாகப் பூட்டுவதால் எறும்பு போகாது.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் சனம் சாமானை வாங்குவது பாவிப்பதற்கு அல்ல. பாவித்தால் பழுதாகிவிடும். வெளிநாட்டில் இருந்து வந்த கேக் அடிக்கிற மெஷின், வந்த பெட்டியோடு அலுமாரிக்கு மேலே இருக்கும். ரீவிக்குச் சட்டை தைத்துப் போட்டிருப்பார்கள். ஆகையால் என்னுடைய அறிக்கைகள் ஊரில் பெருத்த மனவேதனையை உண்டாக்கின. ஒருவருடைய வாழ்நாள் பெருமையை 'இனங்காணப்படவில்லை' என்ற ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தேன்.

அதே நேரம் நல்லூரில் ஒரு டொக்டர் வீட்டுக்கு நான் எழுதிக் கொடுத்த அறிக்கை இரண்டாம் பக்கத்துக்கும் ஓடியிருந்தது. அவர்கள் அதைக் கண்ணாடி போட்டு, சாமிப் படங்களுக்குக் கொஞ்சம் கீழே, கலியாணப் படத்துக்குக் கொஞ்சம் மேலே மாட்டிவிட்டார்கள். அங்கே தொடங்கியது வினை. வருகிறவர்கள் எல்லாம் நின்று வாசித்தார்கள். வாசித்தவர்கள் எங்கள் கந்தோருக்கு வந்தார்கள். "எங்கடை வீட்டையும் ஒருக்கால் பாருங்கோ" என்று வரிசையில் நின்றார்கள். அரசாங்கம் தங்கள் வீட்டைக் கண்காணிக்க வேண்டும் என்று எங்கள் சனம் விண்ணப்பம் போட்டது அந்த ஒருமுறைதான் என்று நினைக்கிறேன்.

பிறகு தரகர்மார் கையில் எடுத்தார்கள். சாதகக் குறிப்போடு இனங்காணல் அறிக்கையும் சேர்ந்து போனது.

அருந்ததிக்கு நல்லூரில் இருந்து ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை தியாகலிங்கம் கூட்டுறவுச் சங்கக் கடையில் எழுதுவினைஞர். தகப்பன் இல்லை. தாய் தங்கமுத்துதான் எல்லாம் பேசுகிறவர். தங்கமுத்து சொல்லியனுப்பியதைத் தரகர் அப்படியே வந்து ஆழ்வாப்பிள்ளையிடம் ஒப்புவித்தார்:

"சாதகம் நல்லாப் பொருந்துதாம். மீற்றர்தான் பொருந்தேல்லையாம்."

அடுத்த நாள் காலை ஆழ்வாப்பிள்ளை எங்கள் கந்தோரில் நின்றார். வெள்ளை வேட்டி, கறுத்தக் குடை. அந்த மனுசன் கொடி காட்டாமல் ஒரு கோச்சி அரியாலைப் பக்கம் அசைந்ததில்லை என்று சொல்வார்கள்.

"ஐயா, பிறிஜ் இருக்கு. பழுதாப் போச்சுது, அவ்வளவுதான்."

அடைக்கலநாதன் கோட்டைச் சரி செய்துகொண்டார். "பழுதான பிறிஜ், விஞ்ஞானத்தின்படி ஒரு அலுமாரி."

"இதாலை என்ரை பிள்ளையின்ரை கலியாணம் நிக்குது ஐயா. தாயில்லாப் பிள்ளை."

அடைக்கலநாதன் கல்நெஞ்சர் அல்லர். யோசித்தார். "மீளளவீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். பிறிஜ் மாதிரித் தட்டுச் சுத்தினால், பிறிஜ் எண்டு எழுதலாம். அதிலை தடையில்லை."

ஆழ்வாப்பிள்ளை அவரைக் கூர்ந்து பார்த்தார். "பிறிஜ் மாதிரிச் சுத்தினால் காணுமோ?"

"காணும், அது போதும்."

மீளளவீட்டுக்கு நான்தான் போனேன். வழக்கம்போலச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தேன். தட்டு கூடியது. குறைந்தது. கூடியது. குறைந்தது. அப்படி ஒரு ஒழுங்கை நான் எந்த வீட்டிலும் கண்டதில்லை. முதுகுக்குப் பின்னால் ஆழ்வாப்பிள்ளையின் குரல் மெதுவாகக் கேட்டது. "போடு." கொஞ்ச நேரம் கழித்து, "நிப்பாட்டு." பிறகும் "போடு." இடையில் துணி கருகுகிற மணம் வந்தது. மூக்கு அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல என்பதால் அதை நான் குறிக்கவில்லை. வேகம்தான் கொஞ்சம் கூடிப்போனது. பிறிஜுக்கு இவ்வளவு கறண்ட் தேவைப்படாது. மண்டையைப் போட்டு உடைத்துவிட்டு, 'குளிரூட்டி ஒன்று, பெரிய இனம்' என்று எழுதினேன்.

அருந்ததி தேத்தண்ணி கொண்டுவந்தாள். வலக்கைப் பெருவிரலில் துணி சுற்றியிருந்தது.

"என்ன தங்கச்சி, கை?"

"பிறிஜ் சுட்டுப்போட்டுது அண்ணை" என்றாள் முகம் மாறாமல்.

நான் தலையாட்டினேன். உண்மையில் எனக்கு விளங்கவில்லை. அப்போதைக்கு விளங்காமல் இருப்பதே எனக்குச் சம்பளம் தருகிற வேலையாக இருந்தது.

"ஒண்டு கேக்கட்டோ? மாப்பிள்ளை வீட்டு மீற்றரையும் பாப்பீங்களோ?"

"விண்ணப்பிச்சால் பாப்பம்."

"அப்ப விண்ணப்பிக்கிறன்" என்றாள்.

"அருந்ததி! அவையைப் போய்ச் சோதிக்கிறதோ?" என்று பின்னால் தகப்பன் பதறினார்.

"அவை எங்களைச் சோதிக்கலாம், நாங்கள் சோதிக்கக்கூடாதோ அப்பா?" என்று கேட்டுவிட்டு அவள் வெற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு போனாள்.

நல்லூரில் தங்கமுத்து வீட்டில் எனக்கு நல்ல உபசாரம். "எங்கடை வீட்டிலை பிறிஜ் இல்லாமல் ஒரு பொழுது கழியாது தம்பி" என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த என் முதுகுக்குச் சொன்னார். தட்டும் அதை ஒத்துக்கொண்டது. கூடியது, குறைந்தது. ஆனால் அரியாலைப் பிறிஜ் போல ஒழுங்கு இல்லை. சில வேளை நீண்ட நேரம் கூடியே இருக்கும். உள்ளே யாரோ தும்மினால் தட்டும் தவறிவிடும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அடியோடு நின்றுவிட்டது. பிறகு மறுபடி தொடங்கியது. இப்படியும் ஒரு இனம் இருக்கும்போலும் என்று நினைத்து, 'குளிரூட்டி ஒன்று, மத்தியானத்தில் ஓய்வெடுக்கும் வகை' என்று எழுதினேன். இதை அடைக்கலநாதன் வாசித்துவிட்டு, வெளிநாட்டில்கூட இப்படி ஒன்றைக் கண்டுபிடிக்கவில்லை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

இரண்டு அறிக்கைகளும் பொருந்தின. கலியாணப் பேச்சு முன்னேறியது.

ஆனால் ஊரில் விளக்குகள் மங்கத் தொடங்கின. அரியாலை, நல்லூர் என்று எந்தப் பக்கம் போனாலும் லைற் கூடிக் குறைந்துகொண்டிருந்தது. என்னுடைய அறிக்கைகளில் பிறிஜ்கள் பெருகின. நேற்றுவரை ஒரு குண்டு பல்ப் மட்டும் எரித்த வீடுகளில்கூட இன்று பெரிய இனப் பிறிஜ் ஓடியது. மின்வெட்டை நீதியாக்குவதற்காகப் பிரிவு தொடங்கிய நாளில் இருந்து, மின் பாவனை கூடிக்கொண்டே போனது. ஒருநாள் நல்லூர் ட்ரான்ஸ்போமர் பெரிய சத்தத்தோடு வெடித்தது. காலம் கெட்டுக் கிடந்தபடியால், குண்டென்று நினைத்துச் சனம் பங்கருக்குள் ஓடியது. வெடித்தது ட்ரான்ஸ்போமர் என்று தெரிந்ததும் எல்லோரும் நிம்மதியாக வெளியே வந்தார்கள்.

அடைக்கலநாதன் புள்ளிவிபரங்களைக் கொழும்புக்கு அனுப்பியிருந்தார். பதில் வந்தது. மூடிவைத்த பிறிஜில் குளிர் நெடுநேரம் நிற்கும் என்பதால், இவ்வளவு பிறிஜ் உள்ள பிரதேசத்துக்குப் பகல் முழுவதும் மின்சாரம் அவசியமில்லை என்று தீர்மானித்திருந்தார்கள். வெட்டு இரட்டிப்பானது.

"இது நீதியான வெட்டு" என்றார் அடைக்கலநாதன். இருட்டில் அவருடைய முகம் எனக்குத் தெரியவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வந்த நாளில் நானும் அரியாலைக்குப் போனேன். மீளளவீட்டை உறுதிப்படுத்த அரச தரப்பு ஆள் ஒருவர் இருப்பது நல்லது என்று ஆழ்வாப்பிள்ளை கூப்பிட்டிருந்தார். கடமையில் இல்லாதபடியால் அன்றுதான் முதன்முதலாக அந்தப் பிறிஜைக் கண்டேன். நல்ல வடிவான பச்சை நிறம்.

தங்கமுத்து கதிரையில் இருந்து விசிறிக்கொண்டு, "சரியான வெக்கை. கொஞ்சம் குளிர்தண்ணி எடுங்கோவன் பிள்ளை" என்றார்.

ஆழ்வாப்பிள்ளையின் கை வேட்டித் தலைப்பைப் பிடித்தது. எத்தனையோ கோச்சிகளை ஆபத்தில்லாமல் அனுப்பி வைத்த மனுசன், தன்னுடைய விறாந்தையில் வழி தெரியாமல் நின்றார். என்னைப் பார்த்தார். நான் மீற்றரைப் பார்த்தேன்.

அருந்ததி எழும்பிப் போய்ப் பிறிஜ் கதவைத் திறந்தாள். "குளிர்தண்ணி இல்லை மாமி. பனங்கட்டி இருக்கு. கிணத்துத் தண்ணியோடை கடிச்சுக் குடிக்க நல்லாயிருக்கும்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். குட்டான்கள் அடுக்கடுக்காக இருந்தன.

"ஏமாத்திப்போட்டியளே! அறிக்கையிலை பெரிய பிறிஜ் எண்டெல்லோ கிடக்குது!" என்று எழும்பினார் தங்கமுத்து.

"பிழை என்ரைதான். பிள்ளையிலை ஒரு பிழையும் இல்லை" என்றார் ஆழ்வாப்பிள்ளை. "ஸ்திரிக்கைப்பெட்டியைப் போட்டுப் போட்டு நிப்பாட்டச் சொன்னது நான்தான். அவளின்ரை கையும் வெந்து போச்சுது."

அப்போதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. ஆனால் அருந்ததி தகப்பனைப் பார்க்கவில்லை. தியாகலிங்கத்தின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவனுடைய வலக்கைப் பெருவிரலிலும் துணி சுற்றியிருந்தது. சேட்டின் ஓரத்தில் ஸ்திரிக்கைப்பெட்டியின் மூக்கு மாதிரி மண்ணிறத்தில் ஒரு கருகல்.

"ஒண்டு கேக்கலாமோ?" என்றாள். "உங்கடை வீட்டுப் பிறிஜ் ஏன் மத்தியானத்திலை நிக்கிறது?"

"மத்தியானம் நான் சாப்பிட வேணுமெல்லோ" என்றான் தியாகலிங்கம்.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவனுக்குத் தெரிந்தது. தாயைப் பார்த்தான். தங்கமுத்து விசிறியை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டார். அருந்ததிதான் முதலில் சிரித்தாள். அவளுடைய சிரிப்பைக் கேட்டு அவனும் சிரித்தான். இரண்டு பேரும் இரண்டு ஊரில், ஒரே வேலையை, ஒரே மாதிரிக் கையைச் சுட்டுக்கொண்டு, நாள் முழுக்கச் செய்திருக்கிறார்கள். சாதகத்தில் இப்படி ஒரு பொருத்தத்தை ஒருவரும் எழுதியிருக்க மாட்டார்கள்.

"உங்கடை வீட்டிலையும் பழுதோ?" என்று கேட்டார் ஆழ்வாப்பிள்ளை.

"பழுதாக ஒண்டு இருந்தால்தானே ஐயா" என்றான் தியாகலிங்கம்.

ஆழ்வாப்பிள்ளை பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. அவரிடம் பழுதானதாவது ஒன்று இருக்கிறதே.

தங்கமுத்து கோபிக்க ஓர் ஆளைத் தேடினார். நான் அகப்பட்டேன். "தம்பி, உமக்கு இதொண்டும் தெரியாதோ? பிறிஜ் எது, ஸ்திரிக்கைப்பெட்டி எது எண்டு தெரியாமலோ இவ்வளவு நாளும் சுவரைப் பாத்துக்கொண்டு இருந்தனீர்?"

"அறிக்கையின்படி இரண்டு வீட்டிலும் பிறிஜ் இருக்கு அம்மா" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் ஒரு பனங்கட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அது சம்மதம் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் அடைக்கலநாதனிடம் நடந்ததைச் சொன்னேன். பிறிஜ்கள் எல்லாம் ஸ்திரிக்கைப்பெட்டிகள், அறிக்கைகளைத் திருத்த வேண்டும் என்றேன்.

"திருத்தேலாது நமசிவாயம். எல்லாம் கொழும்புக்குப் போயிட்டுது. ஸ்திரிக்கைப்பெட்டி பிறிஜ் மாதிரி நடந்தால் அது எங்களைப் பொறுத்தவரையிலை பிறிஜ்தான். பிழை சாமானிலை, அறிக்கையிலை இல்லை."

வைகாசியில் அருந்ததிக்கும் தியாகலிங்கத்துக்கும் கலியாணம் நடந்தது. ஆனியில் நாட்டில் மறுபடியும் சண்டை தொடங்கியது. மின்சாரம் நின்றது. வெட்டு அல்ல, அடியோடு நின்றது. லைற், ஃபான், றேடியோ, பிறிஜ், ஸ்திரிக்கைப்பெட்டி எல்லாம் ஒரே நாளில் சமமாயின. ஜாம் போத்தலுக்குள் கொஞ்சம் மண்ணெண்ணெய் விட்டு, திரி போட்டு, விளக்கு எரித்தோம்.

பிரிவை மூடுகிறோம் என்று ஒருவரும் எழுதவில்லை. ஆகவே நாங்கள் கந்தோருக்குப் போய்க்கொண்டிருந்தோம். நான் வீடு வீடாகப் போய், அசையாத தட்டுகளைப் பார்த்து, 'ஒன்றும் இனங்காணப்படவில்லை' என்று எழுதினேன். பிரிவு தொடங்கிய நாளில் இருந்து என் அறிக்கைகள் பிழையில்லாமல் இருந்தது அந்த மாதங்களில்தான்.

சனம்தான் விடவில்லை. முதலில் ஒரு தரகர் வந்தார். "தட்டுச் சுத்தினாலெல்லோ இல்லையெண்டு சொல்லலாம்? சுத்தாத மீற்றரிலை பிறிஜ் இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுவியள்?" என்று கேட்டார். அடைக்கலநாதன் இரண்டு நாள் யோசித்துவிட்டு, அதில் நியாயம் இருக்கிறது என்றார். அதன் பிறகு அறிக்கையின் வாசகம் மாறியது: 'மின்சாரம் இல்லாத காரணத்தால் இயங்காத நிலையில் குளிரூட்டி ஒன்று.' கேட்டவர்களுக்கெல்லாம் எழுதிக் கொடுத்தேன். வீட்டுக்குப் போகவேண்டிய தேவையும் இருக்கவில்லை. யாழ்ப்பாணத்தில் அநேகமாக எல்லா வீட்டிலும் பிறிஜ் இருந்த காலம் அதுதான்.

என் மனைவி பத்மாசினி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் அடுப்பூதிக்கொண்டிருந்தவள், ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"ஊருக்கெல்லாம் எழுதிக் குடுக்கிறியள். எங்கடை வீட்டுக்கு ஒண்டு எழுத உங்களுக்குக் கை வராதோ?"

"எங்களிட்டை பிறிஜ் இல்லையே பத்மா."

"அவையளிட்டை இருந்ததோ?"

இதற்குச் சுற்றுநிருபத்தில் பதில் இல்லை. எழுதினேன். அவள் வாசித்துவிட்டு, "சின்னதோ?" என்றாள். 'பெரிய இனம்' என்று சேர்த்தேன். முத்திரையும் குத்தினேன். அவள் அதை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலியடிக்குப் போனாள். அடுத்த வளவில் பாலேஸ்வரி அக்கா வெயிலில் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு நான் போன கிழமைதான் எழுதிக் கொடுத்திருந்தேன்.

"என்ன வெக்கையக்கா" என்றாள் என் மனைவி. "எங்கடை பிறிஜும் சும்மா கிடக்குது. கறண்ட் இல்லையெல்லோ."

பாலேஸ்வரி அக்கா நிமிர்ந்து, நெற்றியைத் துடைத்துக்கொண்டு, மனசார அனுதாபப்பட்டார்.

"ஓம் பிள்ளை. எங்கடையும் அப்பிடித்தான். வைச்ச மீனெல்லாம் பழுதாப் போச்சுது."